கட்டுப்பாட்டு அறையைக் கையோடு கொண்டுபோவது

"செவ்வாய்க்கும் அதற்கு அப்பாலும் போகிறவர்கள் தங்கும் வாழிடத்தை, பூமியைக் கேட்டுக்கொண்டிராமல் அவர்களே நடத்த டிஜிட்டல் இரட்டை உதவும் என்கிறார்களே, எப்படி? சிமுலேட்டருக்கு வைத்த புதுப் பெயர்தானா அது?" இதுதான் கேள்வி. டிஜிட்டல் இரட்டை என்பது ஒரு வாழிடத்தின் நிலையைக் கணினிக்குள் ஓயாமல் பின்தொடரும் மென்பொருள் பிரதி; சிமுலேட்டர் என்பது பயிற்சிக்கான போலிக் கலம்.

சந்தேகம் பாதி நியாயம்தான். வாழிடத்தின் முப்பரிமாணப் படத்தைத் திரையில் சுழற்றிக் காட்டி, அதையே இரட்டை என்று விற்பவர்கள் உண்டு. ஆனாலும் பெயருக்குப் பின்னால் ஓர் உண்மையான தேவை இருக்கிறது. 2018 ஆகஸ்ட் 29 இரவில் நடந்ததைப் பார்த்தால் அது விளங்கும்.

அன்றிரவு சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஆறு பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளே காற்றழுத்தம் மெல்லக் குறைவதை ஹூஸ்டனிலும் மாஸ்கோவிலும் இருந்த கட்டுப்பாட்டு அறைக்காரர்கள் பார்த்தார்கள். இந்த வேகத்தில் குறைந்தால் உடனடி ஆபத்து இல்லை என்று முடிவுசெய்து, தூங்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். காலையில் எழுந்தவர்கள் கதவுகளை ஒவ்வொன்றாக மூடித் தேடி, நிலையத்தோடு இணைந்திருந்த சோயுஸ் எம்எஸ்-09 விண்கலத்தில் சுமார் 2 மி.மீ. ஓட்டை ஒன்றைக் கண்டுபிடித்துப் பசை பூசி அடைத்தார்கள்.

இதில் எனக்குப் பிடித்த இடம், எழுப்பாமல் விட்டதுதான். அப்படி விடுவதற்கு எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்! உள்ளே எவ்வளவு காற்று இருக்கிறது, எந்த வேகத்தில் போகிறது, இருப்பில் எவ்வளவு உண்டு, காட்டும் கருவியை நம்பலாமா, தூக்கம் கெட்டவர்கள் மறுநாள் எப்படி வேலை செய்வார்கள். நிலையத்தில் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட உணரிகள் (சென்சார்கள்) இருப்பதாக நாசா சொல்கிறது. அவை அனுப்புவதை இரவும் பகலும் பார்த்துக்கொண்டிருக்கத் தரையில் ஆட்கள் இருக்கிறார்கள்; ஒவ்வொருவருக்குப் பின்னாலும் அந்தந்த இயந்திரத்தை வடிவமைத்த பொறியாளர்கள் இருக்கிறார்கள். மேலே இருப்பவர்கள் நிம்மதியாகத் தூங்குவது இவர்களை நம்பித்தான்.

செவ்வாய்க்கு இந்த ஏற்பாடு எட்டாது. பூமிக்கும் செவ்வாய்க்கும் உள்ள தூரத்தைப் பொறுத்து, ஒரு செய்தி ஒருவழியாகப் போய்ச்சேர 3 முதல் 22 நிமிடம் ஆகும். இரண்டுக்கும் நடுவே சூரியன் வரும் காலத்தில், ஏறக்குறைய 26 மாதத்துக்கு ஒருமுறை, சுமார் இரண்டு வாரம் கட்டளை அனுப்புவதையே நிறுத்திவைக்கிறார்கள்.

ஒரு சின்னக் கணக்கு. 100 கன மீட்டர் கொள்ளளவுள்ள வாழிடத்தில் 2 மி.மீ. ஓட்டை விழுந்தால் மணிக்கு சுமார் 2 சதவீதம் காற்று போகும். கேட்டு வரும் பதிலுக்குக் காத்திருக்கலாம். அதே ஓட்டை 1 செ.மீ. என்றால் போகும் வேகம் 25 மடங்கு. 'என்ன செய்யலாம்?' என்று கேட்டு 40 நிமிடம் கழித்துப் பதில் வரும்போது காற்றில் கால் பங்குக்கு மேல் போயிருக்கும். ஆகவே கட்டுப்பாட்டு அறையின் கவனத்தையும் நினைவையும் கணக்கையும் கையோடு கொண்டுபோக வேண்டும். அத்தனை பேரை ஏற்றிப்போக முடியாது என்பதால் அவர்கள் செய்யும் வேலையின் ஒரு பகுதியை மென்பொருளாக ஏற்றுகிறோம். டிஜிட்டல் இரட்டையை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

சிமுலேட்டர் விஷயத்துக்கு வருவோம். இரட்டையைப் பற்றிப் பேசும் எல்லோரும் நிலாவுக்குக் கிளம்பிய அப்போலோ 13-ஐ இழுக்காமல் விடமாட்டார்கள். 1970 ஏப்ரலில், பூமியிலிருந்து 3 லட்சம் கி.மீ.க்கும் அப்பால் ஆக்சிஜன் தொட்டி வெடித்தபோது, தரையில் இருந்த சிமுலேட்டர்களைக் கலத்தின் நிலைக்குக் கொண்டுவந்து, அணைத்துவைத்த கட்டுப்பாட்டுக் கலத்தை மறுபடி உயிர்ப்பிக்கும் வரிசையை விண்வெளி வீரர் கென் மாட்டிங்லி முதலானோர் அதில் செய்து பார்த்தார்கள். அது இரட்டையின் முன்னோடி, அவ்வளவுதான். கலத்தில் நடப்பதை அந்த சிமுலேட்டர் தானாக அறியாது. யாராவது கேட்டு, எழுதி, விசையைத் திருப்ப வேண்டும். சிமுலேட்டர் ஒரே மாடலைச் சேர்ந்த எல்லாக் கலத்துக்கும் பொது. இரட்டை ஒரே ஒரு வாழிடத்துக்கு மட்டும் சொந்தம்: இந்தப் பம்பு, இதன் தேய்மானம், போன மாதம் இதில் மாற்றிய வால்வு. உணரிகளின் அளவுகள் ஓயாமல் அதற்குள் போகின்றன. அதன் கணிப்பு வாழிடத்தின் மேல் செயலாகத் திரும்பி வருகிறது. இந்த இருவழிப் போக்குவரத்துதான் மையம் என்று அமெரிக்க தேசிய அகாதமிகளின் 2023 அறிக்கையும் சொல்கிறது. கருத்தை 2002-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முன்வைத்தவர் மைக்கேல் கிரீவ்ஸ். பெயர் வைத்தவர் நாசாவின் ஜான் விக்கர்ஸ் என்பார்கள். 2010 வாக்கில் நாசாவின் தொழில்நுட்பத் திட்ட ஆவணத்தில் அந்தப் பெயர் இடம்பெற்றது.

உள்ளே என்ன நடக்கிறது? அதே ஓட்டையை எடுத்துக்கொள்ளலாம். அழுத்தம் குறைகிறது. ஓட்டை என்று உடனே சொல்லிவிட முடியாது. மூடிய அறையில் வெப்பநிலை 1 டிகிரி குறைந்தாலே அழுத்தம் சுமார் 0.34 சதவீதம் இறங்கும். அந்த 2 மி.மீ. ஓட்டை ஏறக்குறைய பத்து நிமிடத்தில் செய்யும் சேதமும் அதே அளவுதான். எனவே இரட்டை அழுத்தத்தை மட்டும் பார்ப்பதில்லை. விளக்குகளும் கணினிகளும் எவ்வளவு சூடு தருகின்றன, குளிர்விப்பான் எந்த வேகத்தில் ஓடுகிறது, யார் எந்த அறையில் இருக்கிறார்கள், கார்பன் டை ஆக்சைடை நீக்கும் இயந்திரம் காற்றை எடுத்துக்கொள்ளும் கட்டத்தில் இருக்கிறதா என்றெல்லாம் சேர்த்து, 'இந்த நொடியில் அழுத்தம் இவ்வளவு இருக்க வேண்டும்' என்று கணிக்கிறது. கணிப்புக்கும் அளவுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பின்தொடர்கிறது. வித்தியாசம் இரைச்சல் மாதிரி மேலும் கீழும் ஆடினால் பிரச்சினை இல்லை. ஒரே பக்கமாகச் சாயத் தொடங்கினால் ஏதோ இருக்கிறது.

அளவு, கணிப்பு இரண்டிலும் பிழை இருக்கும். எதை எவ்வளவு நம்புவது என்று எடைபோட்டு அடுத்த நிலையை மதிப்பிடும் கணிதம் புதிதல்ல. ருடால்ஃப் கால்மன் 1960-இல் எழுதியதை நாசாவின் ஏம்ஸ் மையத்தில் ஸ்டான்லி ஷ்மிட் அப்போலோவின் வழிசெலுத்தலுக்குப் பொருத்தினார். இன்றைய இரட்டைகள் பலவற்றின் நடுவில், கால்மன் வடிகட்டி எனப்படும் அந்தக் கணிதத்தின் பேரப்பிள்ளைகளே உட்கார்ந்திருக்கின்றன. இயந்திரக் கற்றல் பற்றி இன்று நிறையப் பேசுகிறார்கள். பம்பின் அதிர்வில் பழக்கமில்லாத சாயலைக் கண்டுபிடிக்க அது நல்லது. ஆனால் இதுவரை நடக்காத கோளாறுக்குப் பழைய தரவு கிடையாது. ஆழ்விண்வெளியில் ஆளைக் கொல்லக்கூடியது அந்த வகைதான். அதனால் இயற்பியல் அடித்தளமாகவும் கற்றல் மேல்பூச்சாகவும் இருப்பதே சரி என்பது என் கட்சி.

சாய்வு உறுதியானதும் அதன் வேகத்திலிருந்து ஓட்டையின் பரப்பு கிடைக்கும். பரப்பிலிருந்து எவ்வளவு நேரம் மிச்சம் என்பது கிடைக்கும். எந்தக் கதவை முதலில் மூடினால் இடத்தை விரைவாகக் கண்டுபிடிக்கலாம், மூடினால் யார் எந்தப் பக்கம் மாட்டிக்கொள்வார்கள், அங்கே கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு வேகமாக ஏறும் என்பதையெல்லாம் ஓட்டிப் பார்க்கலாம். ஓர் ஆள் நாளுக்கு ஏறக்குறைய 1 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளிவிடுகிறார். நீக்கும் இயந்திரம் நின்றுபோனால், நான்கு பேர் உள்ள 100 கன மீட்டர் இடத்தில் அது மணிக்கு சுமார் 0.09 சதவீதம் ஏறும். உடற்பயிற்சியில் இருந்தால் வேகம் கூடும், தூங்கினால் குறையும்.

கருவி பொய் சொல்வதும் உண்டு. 2015 ஜனவரி 14-இல், நிலையத்தின் அமெரிக்கப் பகுதியில் அமோனியா கசிவதாக அறிகுறி தெரிந்தது. குளிர்விக்கப் பயன்படும் அந்த அமோனியா கொடிய நச்சு. எல்லோரும் ரஷ்யப் பகுதிக்கு ஓடிக் கதவை மூடிக்கொண்டார்கள். கசிவே இல்லை, தரவை அனுப்பும் கணினிப் பெட்டி ஒன்று தடுமாறியிருந்தது. முதலில் ஓடியது நூற்றுக்கு நூறு சரி. நல்ல இரட்டையும் 'ஓடு' என்றே சொல்ல வேண்டும். அதன் உதவி ஓடியபிறகு தொடங்குகிறது. உண்மையில் கசிந்திருந்தால் அமோனியா தொட்டியில் இவ்வளவு குறைந்திருக்க வேண்டும், நீர்க்குழாயின் அழுத்தம் இப்படி ஏறியிருக்க வேண்டும், இந்த மூன்று உணரிகளும் ஒரே பெட்டி வழியாகத்தான் பேசுகின்றன என்று அடுக்கி, திரும்பிப்போகலாமா என்பதற்கு ஆதாரம் தர வேண்டும். அன்று அதைத் தரையில் இருந்தவர்கள் சில மணி நேரத்தில் செய்தார்கள்.

இதுவரை சொன்னது எளிய பாதி. என்னைப் பொறுத்தவரை, கடினமான பாதி இரட்டை இரட்டையாகவே நீடிப்பதில் இருக்கிறது. வாழிடம் ஏவப்பட்ட நாளில் இருந்தபடியே இருக்காது. உள்ளே மனிதர்கள் வாழ்கிறார்கள். அவர்களும் கணக்கில் ஒரு பாகம்.

சிறுநீரைக் காய்ச்சி வடித்து நீராக்கும் இயந்திரம் 2008 நவம்பரில் நிலையத்துக்குப் போனது. 85 சதவீத நீரை மீட்கும்படி வடிவமைத்திருந்தார்கள். 2009-இல் உள்ளே படிவு கட்டி நின்றுபோனது. படிந்தது கால்சியம் சல்ஃபேட். எடையின்மையில் எலும்பு கரைகிறது. அந்தக் கால்சியம் சிறுநீரில் வெளியேறுகிறது. சிறுநீர் கெடாமலிருக்கச் சேர்த்த கந்தக அமிலத்தோடு அது கூடிக்கொண்டது. தரையில் இருப்பவர்களின் சிறுநீரை வைத்துச் செய்த சோதனையில் அவ்வளவு கால்சியம் கிடையாது. மீட்பு அளவைக் குறைத்து ஓட்டினார்கள். பிறகு கந்தக அமிலத்துக்குப் பதில் பாஸ்பாரிக் அமிலத்துக்கு மாறினார்கள். மொத்த நீர்மீட்பு 98 சதவீதத்தைத் தொட்டிருக்கிறது என்று 2023-இல் நாசா அறிவித்தது. ஓர் இயந்திரத்தின் ஆயுள் அங்கிருப்பவர்களின் எலும்போடு கட்டப்பட்டிருக்கும் என்று முன்கூட்டி எந்தக் கணித மாதிரியில் எழுதியிருப்போம்?

இன்னொன்று 2010-இல். சுத்திகரித்த குடிநீரில் கரிமப் பொருள்களின் மொத்த அளவு திடீரென ஏறத் தொடங்கியது. நிலையத்தில் இருந்த கருவி 'மொத்தம் இவ்வளவு' என்று சொல்லும். அது என்ன பொருள் என்று சொல்லாது. நீர் மாதிரியைப் பூமிக்குக் கொண்டுவந்து ஆய்ந்தபிறகே, டைமெத்தில்சிலேன்டையால் என்ற சிலிக்கான் சேர்மம் என்று தெரிந்தது. அதன் மூலம் காற்றில் கலந்திருந்த சிலாக்சேன்கள். அழகுசாதனப் பொருள்கள் தொடங்கிப் பல பொருள்களிலிருந்து வருபவை. செவ்வாயிலிருந்து நீரைச் சீசாவில் அடைத்து அனுப்ப முடியாது. அங்கே இரட்டை செய்யக்கூடியது ஒன்றுதான்: 'என்னிடம் உள்ள எந்த விளக்கமும் இதற்குப் பொருந்தவில்லை' என்று ஒளிக்காமல் சொல்வது. இதைச் சொல்லத் தெரியாத இரட்டை, கையில் இருக்கும் விளக்கங்களில் ஏதோ ஒன்றை இழுத்துப் பொருத்திவிடும். தெரியாது என்பதைவிட அது மோசம்.

விண்வெளிக்கு வெளியே இதற்கு மிகப் பெரிய உதாரணம் அரிசோனாவின் பயோஸ்ஃபியர் 2. 1991 செப்டம்பரில் எட்டுப் பேர் மூடிய கண்ணாடிக் கூடத்துக்குள் போனார்கள். ஆக்சிஜன் 20.9 சதவீதத்திலிருந்து இறங்கிக்கொண்டே போய் 14-ஐ நெருங்கியது. 1993 தொடக்கத்தில் வெளியிலிருந்து செலுத்த வேண்டியதாயிற்று. வளமான மண்ணில் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தின்றன. அப்படியானால் அதற்கு ஈடாகக் கார்பன் டை ஆக்சைடு ஏறியிருக்க வேண்டுமே? அந்த அளவுக்கு ஏறவில்லை, ஏனென்றால் உள்ளே இருந்த கான்கிரீட் அதை உறிஞ்சிச் சுண்ணாம்புக்கல்லாக்கிக்கொண்டிருந்தது. சுவரை யாரும் உயிர்காப்பு அமைப்பின் பாகமாக எண்ணியிருக்கவில்லை. வாழிட இரட்டை எழுதுகிறவர்கள் இந்தக் கதையைப் படித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்பேன். உள்ளே வரும் ஒவ்வொரு கிலோ ஆக்சிஜனுக்கும் கார்பனுக்கும் வரவு செலவு டாலியாக வேண்டும். டாலியாகாத அன்றே மணி அடிக்க வேண்டும்.

பிறகு, சாமான்கள். குழுவினர் ஒரு மின்விசிறியைக் கழற்றி வேறிடத்தில் மாட்டுவார்கள். காற்றோட்டத்தின் முன்னால் ஒரு பையைக் கட்டிவைப்பார்கள். உதிரிப்பாகத்தை எடுத்த இடத்தில் வைக்க மாட்டார்கள். இரட்டைக்குச் சொல்லாமல் செய்த ஒவ்வொன்றும் அதைக் கொஞ்சம் பொய்யாக்குகிறது. விண்வெளி வீரர் ஃபிராங்க் ரூபியோ நிலையத்தில் விளைந்த குட்டித் தக்காளி ஒன்றைத் தொலைத்துவிட்டு, தின்றுவிட்டார் என்ற கேலியைப் பல மாதம் சுமந்தார். அவர் பூமிக்குத் திரும்பியபிறகு 2023 டிசம்பரில் அது காய்ந்துபோய்க் கிடைத்தது. தக்காளி என்பதால் சிரித்தோம். ரேடியோ அலைப் பட்டைகளைச் சாமான்களில் ஒட்டித் தானாகவே இடம் அறியும் முறையை நிலையத்தில் சோதித்துவருகிறார்கள். வேலை முடிந்ததும் படிவம் நிரப்பும் பொறுப்பைக் களைத்த மனிதர் தலையில் கட்டினால் அது நடக்காது. இரட்டையே 'பம்பின் மின்னோட்டம் மாறியிருக்கிறது, வடிகட்டியை மாற்றினீர்களா?' என்று கேட்டு, ஆமாம் இல்லை என்ற பதிலோடு முடித்துக்கொள்ள வேண்டும்.

தரவில் நேரக்குறி தவறினாலும் இதே கதிதான். செவ்வாயில் பறந்த இன்ஜெனுவிட்டி ஹெலிகாப்டர் 2021 மே 22-இல் தன் ஆறாவது பறத்தலில் ஒரே ஒரு படத்தைத் தவறவிட்டது. அதன்பின் வந்த எல்லாப் படத்துக்கும் தவறான நேரம் விழுந்தது. தான் இருக்கும் இடத்தைத் தவறாக மதிப்பிட்டு ஆடி ஆடித்தான் இறங்கியது. படம் எதுவும் கெட்டதாக இல்லை.

யார் முடிவெடுப்பது? நொடிகளில் நடக்க வேண்டியதை, வால்வை மூடுவது போன்றதை, வாழிடம் தானாகச் செய்யலாம். நிமிடங்கள் இருந்தால் இரட்டை வழிகளைக் காட்ட, குழு முடிவெடுக்கட்டும். 2010 ஜூலை 31-இல் நிலையத்தின் இரண்டு குளிர்விப்புச் சுற்றுகளில் ஒன்றின் பம்பு நின்றது. எந்தக் கருவிகளை அணைப்பது, எதை எதோடு இணைப்பது என்ற பட்டியலைத் தரையில் பெரிய குழு தயாரித்தது. ஆகஸ்டில் மூன்று விண்நடைகளில் பம்பை மாற்றினார்கள். அணைக்கும் வரிசையை ஆயிரம் விதமாக ஓட்டிப் பார்த்து, எது எதை இழக்க வைக்கும் என்று நான்கு பேருக்குச் சொல்வதில் இரட்டையின் அருமை தெரியும்.

இந்த வழியில் முதல் அடி பழையது. 1999 மே மாதம் நாசாவின் ஆளில்லா டீப் ஸ்பேஸ் 1 கலத்தை ரிமோட் ஏஜென்ட் என்ற மென்பொருள் தானாக ஓட்டியது. அதில் லிவிங்ஸ்டன் என்ற பகுதி, கலத்தின் கணித மாதிரியை உணரிகளோடு ஒப்பிட்டுக் கோளாறைக் கண்டறிந்தது. வேண்டுமென்றே புகுத்திய போலிக் கோளாறுகளைச் சரியாகக் கையாண்டது. ஆனால் தரைச் சோதனைகளில் ஒருமுறைகூடத் தலைகாட்டாத ஒரு பிழையால் நடுவில் அது தானே முடங்கியது. காவல்காரனுக்கும் காவல் வேண்டும்: இரட்டை முழுதாக நின்றாலும் காற்றும் வெப்பமும் எளிய, தனி, பழைய பாணிக் கட்டுப்பாட்டில் ஓட வேண்டும். கணினியும் தாராளமாகக் கிடைக்காது. செவ்வாயில் ஓடும் பெர்செவரன்ஸ் ஊர்தியின் முதன்மைக் கணினி 200 மெகாஹெர்ட்ஸ் வேகம்தான், கதிர்வீச்சைத் தாங்குவதற்குக் கொடுத்த விலை அது. உயிர்காப்பைச் சின்னக் கணினியிலும் இரட்டையின் கனமான கணக்குகளைத் தனிக் கணினியிலும் வைப்பது வழி.

பூமிக்கு வேலை இல்லாமல் போகாது. அங்கேயும் ஒரு பிரதி ஓடும். ஆனால் அது எப்போதும் பழைய செய்தியில் வாழும் பிரதி. நிமிடக் கணக்கான முடிவில் அது தலையிடக் கூடாது. மாதக் கணக்கில் ஊறும் புதிர்களுக்கு, அந்தச் சிலிக்கான் சேர்மம் போன்றவற்றுக்கு, பூமியில்தான் ஆய்வகமும் ஆட்களும் உண்டு. இரு பிரதிகளும் எங்கே பிரிந்தன என்பதை மட்டும் அனுப்பினால் குறுகிய தொடர்பில் காரியம் நடக்கும். 2019-இல் நாசாவின் நிதியில் தொடங்கிய இரண்டு ஆய்வு நிறுவனங்கள், கலிபோர்னியா டேவிஸ் பல்கலைக்கழகம் தலைமையிலான ஹோம், பர்டியூ தலைமையிலான ரெத்தி, இப்படிப்பட்ட தன்னாட்சி வாழிடங்களையே எடுத்துக்கொண்டன. மனிதப் பக்கத்துக்கு ஹூஸ்டனில் 2023 ஜூன் முதல் 2024 ஜூலை வரை நான்கு பேர் 378 நாள் செவ்வாய் மாதிரி வீட்டில், செய்தித் தாமதத்தோடு வாழ்ந்து பார்த்தார்கள்.

அதிகம் பேசப்படாத ஒன்று மிச்சம். சர்வதேச நிலையம் 2000 நவம்பர் 2 முதல் ஒரு நாளும் ஆளில்லாமல் இருந்ததில்லை. செவ்வாய் வாழிடமோ ஆட்களுக்கு முன்னால் போய், வெறுமையாகப் பல மாதம் காத்திருக்கக்கூடும். குழாயில் நீர் தேங்கி நிற்கும், நுண்ணுயிர் படலம் கட்டும், வால்வு அசையாமல் ஒட்டிக்கொள்ளும். இரட்டை அந்தக் காலத்திலேயே வீட்டைப் பழகத் தொடங்கும். பிறகு ஒருநாள் நான்கு பேர் கதவைத் திறந்து உள்ளே வருவார்கள். ஈரம் ஏறும், சூடு ஏறும், தூசி பறக்கும், பைகள் மூலைக்கு மூலை கட்டப்படும். கணிப்புக்கும் அளவுக்கும் உள்ள வித்தியாசம் எல்லா வரியிலும் ஒரே சமயத்தில் சாயும். அந்த முதல் சில வாரங்களில் எது கோளாறு, எது வெறுமனே ஆள் வந்ததன் அடையாளம் என்று பிரிப்பதற்கு, எப்போதும் ஆள் இருந்த சர்வதேச நிலையத்தின் தரவில் முன்மாதிரி இல்லை.